ஐஆர்எஃப்840-ஐக் கழற்றிவிட்டு காலியம் நைட்ரைடு போட்டால் சார்ஜர் சின்னதாகுமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 48 வோல்ட் பேட்டரிக்கு 5 ஆம்ப் சார்ஜர் சிறு அளவில் செய்து விற்கிறீர்கள். எஸ்ஜி3525 என்ற கன்ட்ரோல் ஐசியும், மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் ஐஆர்எஃப்840 என்ற சிலிக்கான் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டும் வைத்த பழைய ஹாஃப் பிரிட்ஜ் போர்டு, அதாவது இரண்டும் மாறி மாறித் திறக்கும் சுற்று. கனமாக, செங்கல் மாதிரி இருக்கிறது. லேப்டாப் சார்ஜரே உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட பிறகு இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். ஐஆர்எஃப்840 இருக்கும் இடத்தில் காலியம் நைட்ரைடு (சுருக்கமாக கேன்) டிரான்சிஸ்டர் போட்டால் போதுமா, சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் காலம் முடிந்துவிட்டதா என்பது உங்கள் கேள்வி. இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: சார்ஜரைச் சின்னதாக்குவது எது, இனிமேல் உங்கள் நேரத்தையும் பணத்தையும் எதில் போடுவது.

முதலில் நேரடியான பதில்: போதாது. சும்மா மாற்றினால் முதல் முறை சுவிட்சைப் போடும்போதே வெடிக்க வாய்ப்பு அதிகம். நான் இருபது வருடமாகப் பவர் சப்ளை டிசைன் செய்கிறேன், 60 வாட்டிலிருந்து 3 கிலோவாட் வரை. அந்த வரம்புக்குள் சொல்வதை நம்பலாம். ரேடார், செல்போன் டவர் இவற்றில் வரும் காலியம் நைட்ரைடு வேறு உலகம், அதை இங்கே தொடவில்லை.

காலியம் நைட்ரைடில் அப்படி என்ன விசேஷம்? சிலிக்கானின் பேண்ட் கேப் (எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 1.12 எலக்ட்ரான் வோல்ட், இதற்கு 3.4. அதனால் உடையாமல் தாங்கும் மின்புலம் சிலிக்கானைப்போல சுமார் பத்து மடங்கு. அதே 600 வோல்ட்டைத் தாங்க மிகக் குறுகிய இடம் போதும், குறுகிய இடம் என்றால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, சிப்பும் சின்னது, சின்ன சிப்புக்கு கெப்பாசிட்டன்ஸும் குறைவு. இன்னொன்று, அலுமினியம் காலியம் நைட்ரைடும் காலியம் நைட்ரைடும் சேரும் எல்லையில் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய விரிப்பு மாதிரி தானாகவே சேர்ந்துவிடும், நாம் வேறு தனிமம் கலக்கும் டோப்பிங் எதுவும் செய்யத் தேவையில்லை. அந்த விரிப்பில்தான் மின்னோட்டம் ஓடுகிறது. 2014-இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நீல எல்இடிக்காக நோபல் பரிசு கிடைத்ததே, அதுவும் இதே பொருள்தான். அந்த விளக்குகளுக்காக இதைப் படலமாக வளர்க்கக் கற்றுக்கொண்ட கைப்பழக்கம் பவர் டிரான்சிஸ்டருக்கும் உதவியது.

இப்போது எண்களைப் பாருங்கள். ஐஆர்எஃப்840: 500 வோல்ட், திறந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் 0.85 ஓம், கேட் சார்ஜ் (திறப்பதற்குக் கட்டுப்பாட்டுக் காலான கேட்டில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம்) அதிகபட்சம் 63 நானோகூலம். இன்று கிடைக்கும் 650 வோல்ட் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் ஒன்று: 50 மில்லிஓம், கேட் சார்ஜ் 6 நானோகூலம் பக்கம். ரெசிஸ்டன்ஸ் பதினேழில் ஒரு பங்கு, கேட்டை ஆட்ட வேண்டிய சுமை பத்தில் ஒரு பங்கு. இதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இந்த ஒப்பீடு நியாயமானது இல்லை, ஏனென்றால் ஐஆர்எஃப்840 இப்போதைய சிலிக்கானே இல்லை. அது எழுபதுகளின் கடைசியில் இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் கொண்டுவந்த ஹெக்ஸ்ஃபெட் குடும்பத்துப் பிள்ளை. (அந்த ஹெக்ஸ்ஃபெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்ஸ் லிடோவ்தான் பின்னால் 2007-இல் இபிசி என்ற நிறுவனத்தைத் தொடங்கி காலியம் நைட்ரைடு பக்கம் வந்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.) தொண்ணூறுகளின் இறுதியில் சூப்பர்ஜங்ஷன் என்ற புதிய சிலிக்கான் மாஸ்ஃபெட் வகை வந்தது. அதில் 600 வோல்ட்டுக்கு 190 மில்லிஓம், உங்கள் போர்டில் இருக்கும் அதே டிஓ-220 என்ற மூன்று கால் உடம்பிலேயே, ஐஆர்எஃப்840-ஐத் தாண்டாத கேட் சார்ஜில் கிடைக்கிறது.

உங்கள் போர்டுக்கே கணக்கு போட்டுப் பார்ப்போம். 54.6 வோல்ட், 5 ஆம்ப், அதாவது 273 வாட். இந்த மாதிரி போர்டுகள் 87 சதவீதம் பக்கம்தான் நிற்கும், அப்படியானால் வெப்பமாகப் போவது சுமார் 41 வாட். சூடான நிலையில் இரண்டு ஐஆர்எஃப்840-உம் சேர்ந்து கடத்தலில் மட்டும் தின்பது ஏறக்குறைய 8 வாட். சூப்பர்ஜங்ஷன் போட்டால் அது 2 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். காலியம் நைட்ரைடு போட்டால் அரை வாட். அதாவது பழையதிலிருந்து நல்ல சிலிக்கானுக்கு வந்தால் 6 வாட் லாபம், அங்கிருந்து காலியம் நைட்ரைடுக்குப் போனால் இன்னும் ஒன்றரை வாட் லாபம். உங்கள் போர்டு ஓடும் 50, 60 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச்சிங் இழப்பில் கிடைக்கும் லாபத்தைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது. மீதி 30 வாட்டுக்கு மேல் டிரான்ஸ்ஃபார்மரிலும், வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ஸ்னப்பரிலும், அவுட்புட் டையோடிலும் இன்புட் பிரிட்ஜிலும் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, அந்தச் சின்ன சார்ஜர்கள் எப்படிச் சின்னதாயின? முதல் காரணம் வெப்பம். 100 வாட் சார்ஜர் 93 சதவீதத்தில் ஓடினால் வெளியேற்ற வேண்டியது ஏழரை வாட். அந்த வெப்பத்தை உள்ளங்கை அளவு பெட்டியின் மேற்பரப்பே வெளியே விட்டுவிடும். உங்கள் 41 வாட்டை அதே பெட்டியில் அடைத்தால் பிளாஸ்டிக் உருகும். பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது முதலில் இழப்பு, டிரான்சிஸ்டரின் அளவு இல்லை. இரண்டாவது காரணம் ஃபிரீக்வென்சி. அதை உயர்த்தினால் ஒவ்வொரு அலைச்சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுமக்கும் ஆற்றல் குறையும், கோர் சின்னதாகும். ஆனால் இதற்கும் விலை இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம் 0.21 மில்லிமீட்டர், 500-க்குப் போனால் 0.09 தான். சாதாரண எனாமல் கம்பியில் சுற்றினால் செம்பின் நடுப்பகுதி வீண். மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியோ பிசிபியிலேயே வரைந்த சுருளோ வேண்டும், ஃபெரைட்டும் அந்த ஃபிரீக்வென்சிக்கு ஏற்ற ரகமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சின்ன சார்ஜர்களில் வழக்கமான ஃப்ளைபேக் வகைச் சுற்றுக்கான பழைய ஐசிகளில் நிறைய 65 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது தற்செயல் இல்லை. மின்கம்பி வழியாகப் போகும் இரைச்சலை அளக்கும் விதிமுறை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. 65-உம் அதன் இரட்டிப்பான 130-உம் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிடும். நீங்கள் 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறினால் அடிப்படை ஃபிரீக்வென்சியே அளவீட்டுக்குள் வந்து நிற்கும், இன்புட் ஃபில்டர் அதற்கேற்ப பெரிதாகும். டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் பிடித்த இடத்தை ஃபில்டரிடம் கொடுத்துவிடாமல் இருக்க இன்னும் மேலே, 300, 400 என்று போக வேண்டியிருக்கும். சிலிக்கானால் அந்த வேகத்தில் சூடாகாமல் ஓட முடிவதில்லை, காலியம் நைட்ரைடால் முடிகிறது. அதன் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. சுற்று முழுவதும் அதற்காகவே போடப்பட்டிருந்தால்தான் அந்தப் பலன் கைக்கு வரும்.

ஏன் அப்படியே மாற்ற முடியாது என்பதற்கு வருகிறேன். உங்கள் கேட் டிரான்ஸ்ஃபார்மர் 12-லிருந்து 15 வோல்ட் கொடுக்கிறது. சாதாரண காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரின் கேட் முழுதாகத் திறக்க 5, 6 வோல்ட் போதும், தாங்கும் உச்சம் 6 அல்லது 7 வோல்ட். 12 வோல்ட் கொடுத்தால் கேட் அப்போதே போய்விடும். மறுபக்கம், அது திறக்கத் தொடங்குவதே ஒன்றரை வோல்ட் அளவில், அதனால் சின்ன இரைச்சல் கூடத் தவறான நேரத்தில் திறந்துவிடலாம். கேஸ்கோடு என்றொரு வகை இருக்கிறது: இயல்பாகத் திறந்தே கிடக்கும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரோடு ஒரு சின்ன சிலிக்கான் மாஸ்ஃபெட்டைத் தொடராகச் சேர்த்து, டிஓ-220-இலேயே தருகிறார்கள். அதற்கு உங்கள் 12 வோல்ட் சரிப்படும். ஆனாலும் அந்த நீளமான கால்களின் இண்டக்டன்ஸால் வோல்டேஜ் அலைபாயும், அதைத் தயாரிப்பவர்களே ஃபெரைட் பீட் போடச் சொல்கிறார்கள். மாஸ்ஃபெட்டுக்குள் தானாகவே அமைந்திருக்கும் பாடி டையோடும் சாதாரண காலியம் நைட்ரைடு வகையில் கிடையாது. பின்னோக்கி மின்னோட்டம் ஓடத்தான் ஓடும், அப்போது இரண்டு மூன்று வோல்ட் வீழ்ச்சி இருக்கும், ஆக உங்கள் ஐசியில் தாராளமாக விட்டிருக்கும் டெட் டைமில் (இரண்டு டிரான்சிஸ்டரும் மூடியிருக்கும் இடைவெளியில்) அப்படி ஓடும் நேரமெல்லாம் இழப்பு கூடும். அதற்குப் பதிலாக ரிவர்ஸ் ரெகவரி சார்ஜ், அதாவது டையோடு மூடும்போது பின்னோக்கிப் பாயும் மின்னூட்டம், என்பதே இல்லை. இது மிகப் பெரிய வரம், சூப்பர்ஜங்ஷனின் பாடி டையோடில் அது மைக்ரோகூலம் கணக்கில் இருக்கும்.

நானே பட்ட ஒரு அடியைச் சொல்கிறேன். முதன்முதலில் 650 வோல்ட் காலியம் நைட்ரைடு வைத்து ஒரு போர்டு போட்டபோது, மாஸ்ஃபெட்டுக்கு வரைகிற மாதிரியே லேஅவுட் வரைந்தேன். இரண்டு டிரான்சிஸ்டர், அவற்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி கெப்பாசிட்டர். இரண்டு பக்கம் கொண்ட பிசிபி. ஐந்து டிரான்சிஸ்டர் போனது. ஆசிலோஸ்கோப்பில் கேட் அலைவடிவம் அழகாக 5 வோல்ட்டில் நின்றது, அதனால் டிரான்சிஸ்டர்மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகுதான் புரிந்தது: என் ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸ், அதன் சொந்த ஏறு நேரமே மூன்றரை நானோசெகண்ட். புரோபின் தரைக்கம்பி பத்து சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 100 நானோஹென்றி. நான் பார்த்துக்கொண்டிருந்தது கேட்டையே இல்லை. வேகமான ஸ்கோப்பை வாங்கிவந்து, தரைக்கம்பியைக் கழற்றிவிட்டு நுனியில் ஸ்பிரிங் மாட்டி அளந்தபோது 9 வோல்ட் வரை துள்ளியது தெரிந்தது. ஒரு நானோசெகண்டில் ஒரு ஆம்ப் மாறினால் ஒவ்வொரு நானோஹென்றியும் ஒரு வோல்ட் கொடுக்கும். நாலு லேயர் பிசிபிக்கு மாறி, கெப்பாசிட்டரை டிரான்சிஸ்டரை ஒட்டி வைத்து, திரும்பும் மின்னோட்டத்தை அதற்கு நேர் கீழே உள்ள லேயரில் ஓடவிட்டேன். மேலும் கீழும் எதிரெதிராக ஓடும்போது காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். அதன் பிறகு அந்த டிசைனில் ஒன்றுகூடப் போகவில்லை. கேட் டிரைவரையும் டிரான்சிஸ்டரையும் ஒரே பேக்கேஜில் வைத்துத் தரும் ஐசிகள் வந்தது இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

நம் ஊர் மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்கு அவலாஞ்ச் என்ற ஒரு தாங்கும் குணம் உண்டு. வோல்டேஜ் எல்லை மீறினால் ஜீனர் மாதிரி பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆற்றலை விழுங்கும். ஐஆர்எஃப்840-இன் டேட்டாஷீட்டிலேயே ஒரு தடவைக்கு 510 மில்லிஜூல் என்று இருக்கிறது. காலியம் நைட்ரைடுக்கு அது கிடையாது, எல்லை தாண்டினால் நிரந்தரச் சேதம்தான். அதற்கு ஈடாக 650 வோல்ட் பாகத்துக்கு 750, 800 வோல்ட் வரை நொடிப்பொழுது தாங்கும் அனுமதி தருகிறார்கள். இடி இறங்கும் மாதங்களில் வரும் சின்னச் சின்ன சர்ஜுகளை நல்ல வேரிஸ்டரும் பல்க் கெப்பாசிட்டரும் பார்த்துக்கொள்ளும். நியூட்ரல் கட் ஆகிற விஷயம் அப்படி இல்லை. அப்போது 230-க்குப் பதில் 415 வோல்ட் வரை உள்ளே வரலாம், அதன் உச்சம் 587 வோல்ட், ஃப்ளைபேக்கில் அதற்கு மேல் இன்னொரு நூற்றுக்கு மேல் ஏறும், 650 வோல்ட் பாகம் நிற்காது. இதைத் தாங்க வேண்டும் என்றால் அதற்கேற்ற வோல்டேஜில் பாகம் எடுக்க வேண்டும். பவர் இன்டகிரேஷன்ஸ் 2023-இல் 1250 வோல்ட், 2024-இல் 1700 வோல்ட் காலியம் நைட்ரைடு கொண்டுவந்தது இந்த மாதிரி இடங்களுக்கு நிஜமாகவே உபயோகம். அப்போதும் கெப்பாசிட்டரும் அந்த வோல்டேஜைத் தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், பெரும்பாலும் முதலில் வெடிப்பது அதுதான்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனிமேல் வருவது அவ்வளவு உறுதியான தரை இல்லை. உயர் வோல்டேஜைத் தாங்கி நின்றுவிட்டுத் திறக்கும்போது காலியம் நைட்ரைடின் ரெசிஸ்டன்ஸ் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதலாக இருக்கும், எலக்ட்ரான்கள் படலத்தின் குறைகளில் சிக்கிக்கொள்வதால். ஆரம்ப காலப் பாகங்களில் இது பெரிய பிரச்சினை, இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும், டேட்டாஷீட்டின் முதல் பக்கத்து எண்ணில் இது தெரியாது. இதை எப்படி அளப்பது என்பதற்கு செமிகண்டக்டர் தரநிலை அமைப்பான ஜெடெக் 2019-இல் வழிகாட்டி வெளியிட்டது. அந்த முறைப்படி அளந்த விவரத்தைக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள். ஆயுள் விஷயத்திலும் சிலிக்கானுக்கு நாற்பது வருடக் களப் பாடம் இருக்கிறது, 650 வோல்ட் காலியம் நைட்ரைடு மக்கள் கையில் பெருமளவில் புழங்கத் தொடங்கியது 2018, 2019-க்குப் பிறகுதான். சார்ஜரைப் பொறுத்தவரை எனக்குப் பயமில்லை. பதினைந்து வருடம் வெயிலில் கிடக்க வேண்டிய சோலார் இன்வெர்ட்டர் என்றால் இன்னும் யோசிப்பேன்.

தொழில் எப்படி நகர்கிறது என்பது உங்களைப் போன்ற சின்ன உற்பத்தியாளருக்கு அதிகம் உறைக்கும், ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். இன்டர்நேஷனல் ரெக்டிஃபையரை 2015-இல் வாங்கிய இன்ஃபினியான், 2023-இல் காலியம் நைட்ரைடு நிறுவனமான கேன் சிஸ்டம்ஸை 83 கோடி டாலருக்கு வாங்கியது. கேஸ்கோடு வகைக்குப் பேர்போன டிரான்ஸ்ஃபார்ம் 2024-இல் ரெனசாஸிடம் போனது. 2024 செப்டம்பரில் இன்ஃபினியான் 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டில் (வேஃபர்) காலியம் நைட்ரைடு வளர்த்துக் காட்டியது. தட்டு பெரிதானால் ஒரு தட்டில் கிடைக்கும் சிப் கூடும், விலை இறங்க வழி பிறக்கும். 2025-இல், மற்ற கம்பெனிகளுக்குச் சிப் தயாரித்துக் கொடுக்கும் ஃபவுண்டரியான டிஎஸ்எம்சி காலியம் நைட்ரைடு தொழிலிலிருந்து 2027 ஜூலைக்குள் விலகப்போவதாக அறிவித்தது, அங்கே தயாரித்துக்கொண்டிருந்த நாவிடாஸ் வேறு ஃபவுண்டரிக்கு மாற வேண்டியதாயிற்று. ஃபவுண்டரி மாறினால் அதே பெயர், அதே எண் கொண்ட பாகத்தையும் நான் மறுபடி சோதிப்பேன். ஐஆர்எஃப்840 நாலைந்து கம்பெனியிடம் ஒரே கால் அமைப்பில் கிடைத்த சுகம் இங்கே இல்லை, ஒருவருடைய பேக்கேஜ் இன்னொருவருக்குப் பொருந்தாது. டிசைன் செய்யும்போதே குறைந்தது இரண்டு பேர் தரும் பேக்கேஜைத் தேர்ந்தெடுங்கள்.

2023 ஆகஸ்டில் சீனா காலியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது விலை எகிறிவிடும் என்று பலர் பயந்தார்கள். உலகின் முதல்நிலைக் காலியத்தில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது உண்மை. ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள்: 200 மில்லிமீட்டர் தட்டின்மேல் நாலு மைக்ரோமீட்டர் படலம் என்றால் அதில் தங்கும் காலியம் ஒரு கிராமுக்கும் குறைவு. வளர்க்கும்போது வீணாவதைச் சேர்த்தாலும் பாகத்தின் விலையைத் தீர்மானிப்பது அந்த உலோகம் இல்லை, படலம் வளர்க்கும் நேரமும் தேறும் விகிதமும்தான்.

சிலிக்கான் முடிந்துவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை. 100 வோல்ட்டுக்குக் கீழே மெதுவாக ஓடும் மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், ரிலேவுக்குப் பதிலான சுவிட்ச், இதற்கெல்லாம் சிலிக்கானை விடச் சிக்கனமான ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. மேல் பக்கம், 1200 வோல்ட், பல நூறு ஆம்ப் என்றால் சிலிக்கான் கார்பைடு. டெஸ்லா மாடல் 3-இன் இன்வெர்ட்டரில் அது 2018 வாக்கிலேயே ஏறிவிட்டது. வெப்பத்தைக் கடத்துவதில் காலியம் நைட்ரைடு அதன் பக்கத்தில்கூட வராது. (சிலிக்கான் கார்பைடின் முன்னோடியான வுல்ஃப்ஸ்பீட் 2025 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது. பொருள் நல்லதாக இருப்பது வேறு, கம்பெனி நிற்பது வேறு.) நடுவில் இருக்கும் 65 வாட்டிலிருந்து சில கிலோவாட் வரை, அதுவும் அளவும் திறனும் காசு பெறும் இடங்களில், சார்ஜர், சர்வர் பவர் சப்ளை போன்றவற்றில் காலியம் நைட்ரைடு நிலைத்துவிட்டது.

உங்கள் சார்ஜருக்கு நான் செய்யச் சொல்வது இது. இந்த மாதமே 190 மில்லிஓம் சூப்பர்ஜங்ஷன் போட்டுப் பாருங்கள், பழையதை விட வேகமாக ஸ்விட்ச் ஆகும் என்பதால் கேட் ரெசிஸ்டரைக் கொஞ்சம் கூட்டி, டிரான்சிஸ்டரின் டிரெயின் காலில் வோல்டேஜ் எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அடுத்த டிசைனாக எல்எல்சி ரெசொனன்ட் சுற்றுக்கு (காயிலும் கெப்பாசிட்டரும் ஒத்ததிர, வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் டிரான்சிஸ்டர் திறக்கும் சுற்று) போங்கள், ஸ்னப்பரில் எரியும் வெப்பம் அதிலேயே பெரும்பாலும் போய்விடும். அவுட்புட்டில் டையோடுக்குப் பதில் 150 வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட்டை வைத்து சிங்க்ரனஸ் ரெக்டிஃபிகேஷன் செய்தால், டையோடில் போகும் நாலரை வாட் அரை வாட்டுக்குக் கீழே வரும். 94 சதவீதம் எட்டினால் இழப்பு 17 வாட், பெட்டி பாதியாகும், இதுவரை காலியம் நைட்ரைடே தேவைப்படவில்லை. அந்தப் போர்டு ஓடி, அதற்குப் பிறகும் பெட்டி சின்னதாக வேண்டும் என்றால், அதே எல்எல்சியை டிரைவர் சேர்ந்த காலியம் நைட்ரைடு ஐசியோடு 300 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். அப்போது நாலு லேயர் போர்டும் லிட்ஸ் கம்பியும் 500 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் வேண்டும். ஸ்கோப்பை வாங்க வேண்டாம், பக்கத்துக் கல்லூரி லேபில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். இப்போதைய டிரான்ஸ்ஃபார்மரின் கோர் அளவு, சுற்றுகள், கம்பி கேஜ் மூன்றையும் எழுதினால் எல்எல்சிக்கு அதே கோர் போதுமா என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.